தரையா, நாற்காலியா, ஸ்டாண்டா? கழுத்துவலியோடு மறுபடி ஊசி எடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கொட்டான் என்னும் பனையோலைக் கூடைக்குக் குரோஷா ஓரம், மணி கோத்த உறை, சீர் வரிசைக்கு வைக்கும் தட்டுக்குத் தையல் விரிப்பு என்று செட்டிநாட்டு வீடுகளில் ஊசி வேலைக்கு எப்போதும் ஒரு மூலை இருந்தது. இன்றைக்குக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஆரி வேலையும் (சட்டத்தில் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் பூ வேலை) அதோடு சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு பழைய தையல் பெட்டியைத் திறக்கும் ஆச்சிமார் பலரும் முதல் வாரத்திலேயே சொல்வது ஒன்றுதான்: "அரை மணி உட்கார்ந்தா பிடரி கல்லு மாதிரி இறுகிப்போகுது." அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வி வரும். பெரும்பாலும் மெத்தை வைத்த சுழல் நாற்காலியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். எங்கள் கணக்கில் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள்.

காரணம் எளிது. ஊசி போகும் இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் தலை தானாக முன்னே போகும். தலை போனால் தோள் போகும், தோள் போனால் இடுப்பு வளையும். நாற்காலியின் முதுகுச் சாய்வு பின்னால் சும்மா நிற்கும். நிமிர்ந்த தலையின் எடை சுமார் 5 கிலோ. நியூயார்க்கில் முதுகெலும்பு அறுவை மருத்துவராக இருக்கும் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, தலை 30 பாகை குனிந்தால் கழுத்து எலும்புகளின் மேல் விழும் சுமை 18 கிலோ அளவுக்குப் போகிறது. 60 பாகையில் 27 கிலோ. ஆட்களை வைத்து அளந்த எண்கள் அல்ல இவை, மாதிரி போட்டுக் கணக்கிட்டவை. ஆனாலும் போகிற திசையில் சந்தேகமில்லை. மடியில் ரிங்கை (துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை) வைத்துப் பூ வேலை செய்கிறவரின் தலை 45 பாகைக்குக் குறையாமல் குனிந்திருக்கும்.

எதையும் வாங்குமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். கழுத்து வலி முழங்கைக்குக் கீழே இறங்கினால், கை மரத்தால், ஊசி கையிலிருந்து நழுவினால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், நடையில் தள்ளாட்டம் வந்தால், ரிங்கைத் தாங்கும் ஸ்டாண்டு எல்லாம் பிறகு. முதலில் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். எந்த விரல் மரக்கிறது என்பதையும் கவனித்துப் போய்ச் சொல்லுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது ஒரு காரணமாக இருக்கலாம், கழுத்திலிருந்தும் வரலாம். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையையும் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய கழுத்துப் பட்டையை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு தைப்பதை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. கழுத்துத் தசை வேலையை விட்டுவிடும், குனிவு இடுப்புக்கு இறங்கிவிடும்.

முதல் முடிவு: எந்தக் கண்ணாடி

நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இதுதான் தலையாய செலவு. படிக்கிற கண்ணாடி பொதுவாக 35 முதல் 40 செ.மீ. தூரத்துக்குத் தெளிவாக இருக்கும்படி செய்யப்படுகிறது. ஸ்டாண்டில் வைத்த துணியோ கண்ணிலிருந்து 45, 50 செ.மீ. தள்ளி இருக்கும். அந்தப் பத்து சென்டிமீட்டரை ஈடுகட்டக் கழுத்து முன்னே நீளும்.

பைஃபோகல் போட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது. மடியில் வேலை இருந்தவரை கண்ணைத் தாழ்த்தினால் போதும். நல்லதென்று நினைத்து வேலையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியதும், அடிப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தாடை மேலே தூக்கும், பிடரி மடியும். "ஸ்டாண்டு வாங்கினபிறகுதான் வலி கூடிப்போச்சு" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, போட்டிருப்பது எந்தக் கண்ணாடி என்பதைத்தான். ப்ரோக்ரெசிவிலும் (கோடில்லாமல் எட்டவும் கிட்டவும் காட்டும் கண்ணாடி) இதே கதை. தவிர, ஓரங்கள் மங்கலாகத் தெரிவதால் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

எங்கள் சிபாரிசு: வேலைக்கென்று ஒற்றைப் பார்வைக் கண்ணாடி ஒன்று. வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்து, துணி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே பிடித்து, கண்ணின் ஓரத்திலிருந்து துணி வரை இன்ச் டேப்பால் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுதிக்கொண்டுபோய்க் கண் பரிசோதகரிடம் கொடுத்து, "இத்தனை செ.மீ. தூரத்துக்கு வேணும்" என்று கேளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. தையல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

உருப்பெருக்கிகளில் மூன்று வகை கிடைக்கிறது. கழுத்தில் மாட்டி நெஞ்சில் ஊன்றுவது விலை குறைவு. ஆனால் அதன் வழியே பார்க்கத் தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். வலி உள்ளவர்களுக்கு ஆகாது. நெற்றியில் பட்டையாகக் கட்டுவது தலையின் முன்பக்கத்தில் எடையைக் கூட்டும். அதைவிட முக்கியம், பெருக்கம் கூடக்கூடத் தூரம் குறையும்: 2.5 மடங்கு லென்ஸுக்குத் துணியை 20 செ.மீ. அருகே கொண்டுவர வேண்டும், அதாவது பழைய குனிவுக்கே திரும்ப வேண்டும். அது பிடித்துத்தான் இருக்கிறது என்பவர்கள் 1.5 மடங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்றாவது, மேசையில் கவ்வும் கையோடு, சுற்றிலும் எல்இடி உள்ள ஐந்து அங்குல லென்ஸ். 3 டையாப்டர் (லென்ஸின் திறன் அளவு) போதும். லென்ஸைத் துணிக்கு மேல் ஒரு சாணுக்குள் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் சாய்ந்தே பார்க்கலாம். மூன்றில் இதற்கே எங்கள் ஓட்டு. ஒரே எச்சரிக்கை: வேலை முடிந்ததும் மூடி போடுங்கள். வளவில் (முற்றமும் தாழ்வாரமும் உள்ள பகுதியில்) வெயில் இறங்கும் நேரத்தில் திறந்து கிடக்கும் லென்ஸ் துணியைக் கருக்கிவிடும்.

வெளிச்சம்

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. நுண் வேலைக்குத் துணியின் மேல் 750 முதல் 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும். உயரமான கூடத்தில் ஒற்றை டியூப்லைட்டின் கீழ் மடியில் விழுவது பெரும்பாலும் 200-ஐத் தாண்டாது. செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி கிடைக்கிறது. துல்லியம் குறைவுதான், ஆனாலும் 150-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

நம் வீடுகளின் வளவு இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். வானம் திறந்த முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரையும் பிற்பகல் மூன்றிலிருந்து நாலரை வரையும் நல்ல வெளிச்சம். வலக்கைக்காரர் முற்றம் தன் இடப்பக்கம் இருக்கும்படி உட்கார வேண்டும். அப்போதுதான் கையின் நிழல் ஊசிமேல் விழாது. முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கண் கூசும். மெருகேற்றிய சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் கூச்சத்தை இன்னும் கூட்டும். வண்ணக் கண்ணாடி பதித்த சன்னலருகே நூலின் நிறத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மறுநாள் வெளியே எடுத்துப் பார்த்தால் வேறு நிறமாக இருக்கும். இரவு வேலைக்குக் கவ்வும் விளக்கு ஒன்று, 8 முதல் 10 வாட், 4000 கெல்வினுக்குக் குறையாத வெள்ளை ஒளி, துணியிலிருந்து ஒரு முழத்துக்குள், இடப்பக்கம். கறுப்புத் துணியில் தைப்பவர்கள் மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால் இழைகளுக்கிடையே உள்ள துளை தெரியும்.

எங்கே உட்காருவது

இதில்தான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம். தரையில் சம்மணமிடுவது நம் பழக்கம், அதனால் நல்லது என்பார்கள் ஒரு சாரார். இடுப்பு மூட்டு இளகி, முழங்கால் இரண்டும் தரையைத் தொடுகிறவர்களுக்கு அது சரி. பத்துப் பதினைந்து வருடம் நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகியவருக்கு முழங்கால் தூக்கி நிற்கும், இடுப்பெலும்பு பின்னால் சரியும், கீழ்முதுகு வில்லாக வளையும். அந்த வளைவை ஈடுகட்டத் தலை முன்னே வரும். பரிகாரம், ஜமக்காளத்தை மடித்து நான்கு அங்குல உயரம் வைத்து அதன் முன்விளிம்பில் உட்காருவது. முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும்.

இங்கேதான் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. தரையில் வைக்கும் ஆரி ஸ்டாண்டு ஏறக்குறைய ஓரடி உயரம். நேராகத் தரையில் உட்கார்ந்தவருக்கு அது முழங்கைக்குச் சற்று மேலே இருக்கும். நுண் வேலைக்கு வேலைத்தளம் முழங்கை மட்டத்துக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. இருக்க வேண்டும் என்பது பொது விதி, ஆக அது பொருந்தியிருந்தது. ஜமக்காளம் போட்டு நான்கு அங்குலம் உயர்ந்ததும் சட்டம் முழங்கை மட்டத்துக்கே இறங்கிவிடும். இடுப்பு சரியாகும், கழுத்து கெடும். ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே ஆளுக்கொரு செங்கல் வையுங்கள், படுக்கை வாட்டில். மூன்று அங்குலம் கூடும், பழைய பொருத்தம் ஏறக்குறையத் திரும்பிவிடும்.

திண்ணைத் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவது பார்க்க அழகு. உருளைத் தூண் முதுகெலும்பின் மேல் மட்டுமே அழுத்தும். நீட்டிய காலின் பின்தொடைத் தசை இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்கும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருக்கலாம், பூ கட்டலாம், நுண் தையலுக்கு ஆகாது. ஊஞ்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: கால் ஊன்ற இடமில்லை, தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது, விரலைக் குத்திக்கொள்வதுதான் மிச்சம்.

பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் கணக்குப்பிள்ளைப் பெட்டி தரையில் உட்கார ஆசைப்படுகிறவர்களின் கண்ணை இழுக்கும். மேல்பலகை சாய்வாக இருக்கும். ஏடு எழுதியவர் கழுத்துக்கு அந்தச் சாய்வு உதவியது, உங்கள் கழுத்துக்கும் உதவும். குறை, அது அடைத்த பெட்டி. கீழே முழங்கால் போகாது, அதனால் பெட்டி எட்டத்தில் நிற்கும், நீங்கள் எட்டி எட்டித் தைப்பீர்கள். அடியில் கை விட்டு நூல் கொடுக்க வேண்டிய ஆரிக்கு அது உதவவே உதவாது. குரோஷாவுக்கும், ரவிக்கைக் கைமடிப்புக்கும், கொக்கி தைப்பதற்கும், மெத்தை போட்டுக் காலை ஒருபக்கமாக மடித்து உட்கார முடிந்தவருக்கும் பரவாயில்லை. இந்த ஒரு வேலைக்காகப் பழைய பெட்டி வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். வீட்டில் இருந்தால் தூசி தட்டிப் பயன்படுத்துங்கள்.

கழுத்தும் இடுப்பும் இரண்டுமே வலிப்பவருக்கும், முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும் நாற்காலிதான். விலை உயர்ந்தது வேண்டாம். சாப்பாட்டு மேசையோடு வந்த கைப்பிடியில்லாத மர நாற்காலி போதும். கைப்பிடி இருந்தால் மேசையோடு ஒட்டி உட்கார விடாது. அதன் இருக்கை பெரும்பாலும் 45 செ.மீ. உயரம், நம் பெண்கள் பலருக்குப் பாதம் தரையில் முழுதாகப் படியாது. ஒரு மணையைக் காலடியில் போடுங்கள். துவாலையைச் சுருட்டி, நாலு விரல்கடை கனத்தில், சேலைக்கட்டு உள்ள உயரத்தில் முதுகுக்கும் சாய்வுக்கும் நடுவே வையுங்கள். முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும்தான் இருக்கிறது என்றால், அதன் இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால் பின்பாதியில் மடித்த போர்வையை வைத்துச் சமன் செய்யுங்கள்.

மேசை வழக்கமாக 75 செ.மீ. எழுதவும் தையல் மெஷினுக்கும் அது சற்று உயரம் என்று குறை சொல்வார்கள். கை வேலைக்கு அந்த உயரமே நல்லது: 45 செ.மீ. இருக்கையில் உட்கார்ந்தவரின் முழங்கை 65, 67-ல் நிற்கும், மேசை அதற்கு ஒரு கைவிரல் நீளம் மேலே. முன்கை இரண்டையும் மேசை விளிம்பில் படிய வைத்துத் தைத்தால் தோள்பட்டை தொங்கிக் களைக்காது. மேசை விளிம்பு கூராக இருந்தால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள்.

உட்காருவதே ஆகாது, நின்றால்தான் வலி குறைகிறது என்பவர்கள், இடுப்பு வட்டு விலகியவர்களில் பலர் அப்படித்தான், நின்றே செய்யலாம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு வேலைத்தளம் ஒரு மீட்டர் அளவுக்கு வர வேண்டும். சமையல்மேடை அதைவிடத் தாழ்வு, அதன்மேல் ஒரு மரப்பெட்டியை ஏற்றினால் சரியாகும். ஒரு காலை மணையின்மேல் மாற்றி மாற்றி வையுங்கள்.

எது பிடிப்பது: கையா, சட்டமா

ரிங்கைக் கையிலேயே பிடித்துத் தைப்பது எல்லோரும் தொடங்குகிற முறை. இடக்கை கட்டை விரல் இறுகும், இடத்தோள் உயரும், கழுத்தின் இடப்பக்கம் மட்டும் வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வலித்தால் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பிடியைத்தான். இதையே தொடர நினைப்பவர் ஆறங்குலத்துக்கு மேல் ரிங் வாங்க வேண்டாம், விரல் நடுவை எட்டாது. உள்வளையத்தில் பருத்தி நாடாவை நெருக்கிச் சுற்றிவிட்டால் துணி நழுவாது, அடிக்கடி இழுத்து முறுக்க வேண்டியதில்லை. மடியில் தலையணை இரண்டை அடுக்கி அதன்மேல் முழங்கையை ஊன்றினால் வேலை ஒரு சாண் உயரும். செலவில்லாத முதல் திருத்தம் இதுதான். பலருக்கு இதிலேயே பாதி வலி விட்டுவிடும்.

அடுத்த படி, தொடைக்கடியில் ஒரு தட்டையான பலகையைச் செருகி உட்கார, அதிலிருந்து எழும் தண்டில் ரிங் நிற்கும் வகை. இரண்டு கையும் விடுதலை. விலையும் குறைவு, கழற்றிப் பையில் வைத்து ஊருக்கும் கொண்டுபோகலாம். ஆனால் ஒரு தொடைக்கடியில் மட்டும் பலகை போனால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கும். கழுத்து வலி போய் இடுப்பு வலி வந்தது என்பவர்களுக்கு இதுவே காரணம். மற்றத் தொடைக்கடியில் அதே கனத்தில் ஒரு பலகையோ மடித்த துண்டோ வைத்தால் தீர்ந்தது.

மேசை விளிம்பைக் கவ்வும் ஸ்டாண்டைத்தான் பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது. உயரமும் சாய்வும் மாற்றலாம். சட்டத்தை உங்களை நோக்கி 20, 30 பாகை சாய்த்தாலே கழுத்தின் குனிவு அந்த அளவுக்குக் குறையும். சிக்கல் நம் பழைய தேக்கு மேசைகளில் வருகிறது. விளிம்பில் அலைபோலச் செதுக்கியிருப்பார்கள், அல்லது கவ்வியின் வாய் கொள்ளாத கனம். முக்கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்றை மேசைமேல் போட்டு, அதன் பின்பாதியில் கனமான பெட்டியை ஏற்றிவிட்டு, முன்னால் நீண்ட பகுதியில் கவ்வ வையுங்கள். மெருகுப் பலகையில் கவ்வி வழுக்கினால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நடுவே கொடுங்கள்.

தரையில் நிற்கும் தண்டு ஸ்டாண்டு பெரிய சட்டத்துக்கு நல்லது. விலை கூடுதல், இடம் அடைக்கும், சாய்வுத் திருகு நாளடைவில் தளர்ந்து சட்டம் மெல்லத் தலை குனியும். நீங்களும் அதோடு குனிவீர்கள், தெரியவே தெரியாது. திருகுக்கு இருபுறமும் ரப்பர் வாஷர் போட்டு முறுக்குங்கள்.

எந்த ஸ்டாண்டு வாங்கினாலும் தைக்கும் முறை மாற வேண்டும். கையில் பிடித்துத் தைக்கும்போது ஊசியை ஒரே வீச்சில் உள்ளே விட்டு வெளியே எடுப்போம். இறுக்கமாகக் கட்டிய துணியில் அப்படிச் செய்தால் மணிக்கட்டு முறுகும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே; குத்தி இறக்கு, வாங்கி ஏற்று. முதல் இரண்டு வாரம் எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருக்கும், அடிக்கை ஊசியின் இடத்தைத் தேடும். பழகியபின் இரு தோளும் சமமாக வேலை செய்யும், தையலும் சீராக விழும். இந்த இடைப்பட்ட நாட்களில்தான் பலர் ஸ்டாண்டை மடித்துப் பரணில் போடுகிறார்கள்.

எந்த வேலையில் தொடங்குவது

குரோஷாவுக்குச் சட்டம் வேண்டாம், கண்ணையும் எப்போதும் கேட்காது, சாய்ந்தபடியே செய்யலாம். கழுத்துக்கு இதைவிட இளக்கமான வேலை இல்லை. ஆனால் கட்டை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் கடுமை. பழைய கொட்டான் உறைகளின் சன்ன நூலையும் 1.25 மி.மீ. கொக்கியையும் எடுத்த எடுப்பில் தொடாதீர்கள். கனத்த பருத்தி நூலும் 2.5, 3 மி.மீ. கொக்கியுமாக ஒரு சுற்று ஓரம் போட்டுப் பாருங்கள். பிடி மெலிந்த கொக்கியாக இருந்தால் துணி நாடாவைச் சுற்றிப் பருமனாக்கலாம்.

கிராஸ் ஸ்டிச்சில் அங்குலத்துக்குப் 18 கட்டம் உள்ள துணி கழுத்தைக் கொல்லும். 11 அல்லது 14 போதும். காசில்லாத மாற்று, கிழிந்த பருத்திக் கண்டாங்கிச் சேலையின் கட்டம். கட்டத்தின் மூலைக்கு மூலை ஊசி போனால் படம் வரைய வேண்டாம், எண்ண வேண்டாம். அரக்கு நிறத்தின் மேல் வெள்ளை நூல் தொலைவிலிருந்தே தெரியும். ஆறு இழை நூலில் மூன்றைப் பிரித்து எடுத்தால் கட்டம் நிரம்பிவிடும்.

சேலை முந்திக்குக் குஞ்சம் கட்டுவதை நின்றுகொண்டே செய்யலாம் என்பது இடுப்பு வலிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அலமாரியின் நெஞ்சு உயரத் தட்டில் முந்தியை விரித்து மேலே கனமான புத்தகத்தை வைத்தால் நூல்கள் தொங்கும். மீதிச் சேலை அலமாரித் தட்டிலேயே இருக்கட்டும். தொங்கவிட்டால் பட்டின் எடை முழுவதும் முந்தியை இழுக்கும். ஃபால்ஸ் தைப்பது பார்க்க எளிது. சேலையைத் தரையில் பரப்பி, நாலு காலில் ஊர்ந்து, இரண்டரை மீட்டருக்கு மேல் தைப்பார்கள். முதுகு வலிக்காரர் விட்டுவிட வேண்டிய முதல் வேலை இது. விடமுடியாது என்றால் மேசையில், தைத்த பகுதியை எதிரில் ஒரு முக்காலியில் இறக்கிக்கொண்டு.

ஆரி கடைசி. இடக்கை சட்டத்தின் அடியிலேயே கிடக்கும், வலக்கை ஊசியைச் செங்குத்தாகப் பிடிக்கும், கண் ஓரிடத்தை விட்டு அசையாது. சட்டத்தைச் சாய்த்தால் மணியும் கல்லும் உருளும், அதனால் 10, 15 பாகைக்கு மேல் சாய்க்க முடியாது. மணிகளை வெல்வெட் துணி ஒட்டிய தட்டில் கொட்டி, சட்டத்துக்கு வெளியே வலப்பக்கம் வைத்தால் அந்தச் சாய்வே தாராளம். ரவிக்கைக் கழுத்தின் எதிர்ப்பக்கத்தை எட்டிப் போடாமல், சட்டத்தைத் திருப்பிப் போடுங்கள் அல்லது நாற்காலியைச் சுற்றிக் கொண்டுபோங்கள். முதல் மாதம் சங்கிலித் தையல் மட்டும். கல்யாண மாதத்து ரவிக்கைக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு ஆரிக்குத் திரும்புவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. நாள் நெருங்கினால் யாரும் இடைவேளை எடுக்க மாட்டார்கள்.

எவ்வளவு நேரம்

முதல் வாரம் நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம். வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அடங்காவிட்டால் முந்தைய வார அளவுக்கு இறங்குங்கள். அரை மணிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், எத்தனை நல்ல ஸ்டாண்டாக இருந்தாலும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள்: நீண்ட நூலுக்குக் கை தோளுக்கு மேலே போய்வர வேண்டும், நூலும் நைந்துபோகும். முழ நூல் இரண்டு தீர்ந்தால் எழுந்திருங்கள். நூல்கண்டுப் பெட்டியை எட்டாத இடத்தில் வைத்தால் எழுந்தே ஆக வேண்டும்.

எழுந்ததும் செய்ய மூன்று. தாடையைத் தாழ்த்தாமல், தூக்காமல், நேரே பின்னுக்கு இழுத்து ஐந்து நொடி, பத்துத் தடவை. இரு தோள்பட்டை எலும்புகளையும் முதுகின் நடுவே கொண்டுவந்து சேர்த்து ஐந்து நொடி, பத்துத் தடவை. இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் வளைந்து ஐந்து தடவை. இதில் காலுக்கு வலி இறங்கினால் விட்டுவிட்டு இயன்முறை (பிசியோதெரபி) மருத்துவரிடம் கேளுங்கள். தலையை முழு வட்டமாகச் சுழற்றுவது வேண்டாம்.

ஆக, யாருக்கு எது? கழுத்து மட்டும் வலித்து, கீழே உட்காரச் சிரமமில்லாதவர் வேலைக் கண்ணாடி, ஜமக்காளம், நாலு செங்கல் என்று தரையிலேயே இருக்கலாம். இடுப்பும் சேர்ந்து வலிப்பவருக்கு மர நாற்காலி, மணை, கவ்வும் ஸ்டாண்டு. உட்காரவே முடியாதவர் நின்றபடி குஞ்சம், சாய்ந்தபடி குரோஷா. மூவருக்கும் பொதுவாக முதல் செலவு கண்ணாடியும் விளக்கும்.

ஆசாரியிடம் ஸ்டாண்டு செய்யக் கொடுப்பவர்கள் அளவை ஊகித்துச் சொல்லாதீர்கள். அட்டைப்பெட்டிகளையும் பழைய டெலிபோன் டைரக்டரிகளையும் அடுக்கி, அதன்மேல் ரிங்கை வைத்துப் பதினைந்து நிமிடம் உண்மையாகவே தையுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒருவரைச் செல்போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். முதல் நிமிடத்துப் படத்துக்கு எல்லோருமே நிமிர்ந்துதான் உட்காருவார்கள். காது தோள்முனைக்கு நேர்மேலே, அல்லது நாலு விரல்கடைக்குள் முன்னால் இருந்தால் அந்த அடுக்கின் உயரம் சரி. அதிகம் முன்னே வந்திருந்தால் இன்னும் இரண்டு புத்தகம் ஏற்றி மறுபடி தையுங்கள். கிடைத்த உயரத்தைத் தரையிலிருந்து அளந்து கொடுங்கள். கால்களில் அதற்கு மேலும் கீழும் ஓர் அங்குல இடைவெளியில் நாலைந்து துளை போட்டு போல்ட் மாட்டச் சொல்லுங்கள். ஆரிக்குப் போகும்போதும் நாற்காலி மாறும்போதும் அந்தத் துளைகள் வேண்டியிருக்கும்.